சொட்டும் இடம் வேறு, ஓட்டை வேறு

ஐப்பசி மழையில் எங்கள் கூடத்து மின்விசிறியின் கொக்கியிலிருந்து தண்ணீர் சொட்டியது. மாடிக்கு ஓடினேன். விசிறி இருக்கும் இடத்தைக் காலடியால் அளந்து, அதற்கு நேர் மேலே சிமென்ட் பாலைக் கரைத்துப் பூசினேன். கார்த்திகையில் மறுபடியும் அதே கொக்கி, அதே சொட்டு. மெயினை அணைத்துவிட்டு வாளியை வைத்தோம். பார்க்க வந்த கொத்தனார் என் பூச்சைக் காலால் தட்டிப் பார்த்துச் சிரித்தார். "விசிறியில சொட்டுதுன்னா கரன்ட் பைப்பைத் தேடுங்க சார். தண்ணி நேரா எறங்காது."

தளம் போடும்போதே கம்பிகளுக்கு நடுவில் ஒயர் செல்லும் பிவிசி குழாய்களைப் பதித்து, அதன்மேல் கான்கிரீட் கொட்டுகிறார்கள். அவை போய்ச் சேரும் இடங்கள் விசிறிப் பெட்டியும் விளக்குப் பெட்டியும்தான். தளத்தின் எந்த மூலையில் தண்ணீர் குழாய்க்குள் புகுந்தாலும் வெளியே எட்டிப் பார்ப்பது அங்கேதான். குழாய் இல்லாத இடத்தில் கம்பியின் ஓரம், விரிசல், காரைக்கும் தளத்துக்கும் இடையிலுள்ள சந்து என்று தண்ணீருக்கு வேறு வழிகள் இருக்கின்றன.

ஓர் ஆறே இப்படி ஒளிந்து ஓடியதுண்டு. ஜெர்மனியில் டான்யூப் ஆற்றின் தண்ணீர் ஓரிடத்தில் சுண்ணாம்புப் பாறைப் பிளவுகளுக்குள் இறங்கிக் காணாமல் போகும். அது எங்கே போகிறது என்று அறிய, 1877 அக்டோபரில் புவியியலாளர் அடோல்ஃப் க்னோப் அந்த இடத்தில் 10 கிலோ ஃப்ளூரசின் சாயத்தைக் கரைத்தார். அடோல்ஃப் ஃபான் பேயர் 1871இல் உருவாக்கிய, பச்சையாக ஒளிரும் சாயம் அது. ஏறத்தாழ 60 மணி நேரம் கழித்து, சுமார் 12 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ஆஹ் ஊற்றில் தண்ணீர் பச்சையாகப் பொங்கியது. கருங்கடலுக்குப் போகவேண்டிய தண்ணீர் ரைன் நதிக்குப் போய்க்கொண்டிருந்தது!

சரி, தூறலுக்கு ஒழுகாத தளம் அடைமழைக்கு மட்டும் ஏன் ஒழுகுகிறது? 0.1 மில்லிமீட்டர் அகல விரிசலில் இறங்கும் தண்ணீரை அதன் மேல்விளிம்பில் உள்ள பரப்பு இழுவிசை பிடித்து வைத்துக்கொள்ளும். கிட்டத்தட்ட 15 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரைத் தாங்கும் பிடி அது. நம் வீட்டுத் தளங்களின் கனமே பெரும்பாலும் அவ்வளவு இராது. ஆனால் விரிசலுக்கு மேல் தண்ணீர் தேங்கிவிட்டால் அந்த விளிம்பே இல்லாமல் போகிறது. பிடி விட்டுப்போக, சொட்டத் தொடங்குகிறது. கொத்தனார்கள் 'வாட்டம், வாட்டம்' என்று மட்டப்பலகையோடு அலைவது இதற்காகத்தான். 10 அடிக்கு ஓர் அங்குலச் சரிவாவது இருந்தால்தான் தண்ணீர் நிற்காமல் ஓடும். மழைநீர்க் குழாயின் வாயை வாதாம் இலை அடைத்துக்கொண்டால் 1,000 சதுர அடி மாடியில் ஓர் அங்குலம் தேங்கும் தண்ணீரின் எடை இரண்டேகால் டன்னைத் தாண்டும்.

விரிசல் பிறப்பதற்கு வெயில் போதும். 10 மீட்டர் நீளத் தளம் 30 டிகிரி சூடேறினால் சுமார் 3 மில்லிமீட்டர் நீளும். மழை பட்டதும் சுருங்கும். அதன்மேல் நிற்கும் செங்கல் சுவர் அந்த அளவுக்கு நீள்வதில்லை. ஆகவே தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலைதான் முதலில் வாய் திறக்கும். அடுத்த சந்தேகம் மழைநீர்க் குழாயின் வாய், தண்ணீர்த் தொட்டியின் கால்கள், பிற்காலத்தில் மாடி எடுக்கலாம் என்று விட்டுவைத்த தூண் கம்பிகள். உள்ளே போகும் தண்ணீர் சும்மா இருப்பதில்லை. கம்பி துருப்பிடித்தால் இரும்பு இருந்ததைப்போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கும். காரை பெயர்ந்து விழுவது அப்படித்தான்.

ஓட்டையைத் தேடப் புதுக் கருவி தேவையில்லை. மழை விட்டுப் பல நாளாகியும் சொட்டு நிற்கவில்லையா? அப்படியானால் தொட்டியையும் தண்ணீர்க் குழாய்களையும் முதலில் பாருங்கள். மழைக்கு மட்டும் சொட்டினால், தளம் போட்ட மறுநாள் செய்வதுபோலப் பாத்தி கட்டவேண்டும். மாடி முழுவதையும் ஒரே நேரத்தில் நிரப்பினால் எந்த இடம் குற்றவாளி என்று தெரியாது. நாங்கள் தாழ்வான பக்கத்திலிருந்து ஒவ்வொரு பாத்தியாக ஓர் அங்குலத் தண்ணீர் நிறுத்தி, ஒரு நாள் காத்திருந்தோம். முதல் இரண்டிலும் வாளி காய்ந்தே கிடந்தது. மூன்றாவது பாத்தியில் துணிக்குப் போடும் சொட்டு நீலத்தைக் கலந்தோம். மறுநாள் காலை விசிறியிலிருந்து வாளிக்குள் நீலச் சொட்டு விழுந்தது. ஓட்டை இருந்தது 14 அடி தள்ளி, கைப்பிடிச் சுவர் மூலையில். தூண் கம்பிகளின் பக்கத்தில், தளத்திலிருந்து விரல் நீளம் நீட்டிக்கொண்டிருந்த ஒயர் குழாயின் அடியைச் சுற்றிச் சிமென்ட் விட்டுப்போயிருந்தது.

அடைப்பதிலும் அவசரம் ஆகாது. ஈரத் தளத்தின்மேல் பூச்சு போட்டால், வெயிலில் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிப் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். ஒன்றரை அடிச் சதுர பாலிதீன் தாளைத் தரையில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டி, 16 மணி நேரம் விடுங்கள். தாளின் அடியில் நீர் பூத்திருந்தால் தளம் இன்னும் காயவில்லை. காய்ந்தபின் விரிசலை 'வி' போல வெட்டி, தூசு தட்டி, நிரப்பி, மேலே நெகிழும் தன்மையுள்ள அக்ரிலிக் பூச்சு; அது ஈரமாக இருக்கும்போதே கண்ணாடி இழை வலை; அதன்மேல் இன்னொரு பூச்சு. சிமென்ட் மட்டும் பூசினால் தளம் அசையும்போது அதே கோட்டில் மறுபடி வெடிக்கும். வலை அந்த இழுப்பை அகலமாகப் பரப்பிவிடுகிறது. தண்ணீரைத் தடுப்பது பூச்சு, கிழியாமல் பிடிப்பது இழை.

இங்கிலாந்தில் பலகைத் தளத்தின்மேல் பாலியெஸ்டர் பிசினும் கண்ணாடி இழைப் பாயும் சேர்த்து, மூட்டே இல்லாமல் கூரை முழுவதையும் வார்க்கிறார்கள். அங்கும் ஒழுகுவது பெரும்பாலும் சுவரோரத்திலும் விளிம்பிலும், பிசின் ஊறாமல் காற்றுக்குமிழி தங்கிய இடத்திலும்தான். அந்த இடத்தைச் சொரசொரப்பாகத் தேய்த்து, அசிட்டோனால் துடைத்து, ஓட்டைக்கு வெளியே நாலு விரற்கடை தாண்டும்படி புது ஒட்டுப் போடுகிறார்கள். அங்கும் ஈரம் ஆகாது.

எங்கள் மூலையைக் கொத்தனார் வெட்டிக் காயப்போட்டுவிட்டுக் கேட்டார்: "மாடி எடுக்குற எண்ணம் இருக்கா சார், இல்ல இந்தப் பைப்பை அறுத்து அடைச்சிரலாமா?" இருபது வருஷமாக வராத மாடிக்காக, அந்தக் குழாய் மழைக்கு வாசலைத் திறந்தே வைத்திருந்தது. அடைக்கச் சொன்னேன்.