கைப்பெட்டியில் பிறந்த படவில்லை

ஒளியை ஊடுருவவிட்டுத் திரையில் பெரிதாகக் காட்டப்பெறும் சிறு படமே ஸ்லைடு எனப்படும் படவில்லை. காலையில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தை மாலைச் சொற்பொழிவில் காட்ட விழைந்தோர், இருட்டறையை நாடி நெடும்பொழுது காத்திருந்தனர். அமெரிக்கப் போலராய்டு நிறுவனம் 1983இல் வெளியிட்ட ‘போலாபான்’ சுருள் இவ்விடரைக் களைந்தது.

சுருளையும் மருந்துப் பொதியையும் சிறு பெட்டியில் இட்டுக் கைப்பிடியைச் சுழற்றுவர். மருந்து சுருளெங்கும் பரவும். ஒளி பட்ட இடத்து வெள்ளி அங்கேயே தங்கிவிடும். ஒளி படாத இடத்து வெள்ளியுப்போ கரைந்து, அடுத்துள்ள படலத்தை அடைந்து கறுப்பு உருவாகும். வழக்கமான முறையில் கழுவி நீக்கப்படும் வெள்ளியே இங்குப் படமாயிற்று! ஒரு நிமிடம் கழித்துச் சுருளை மீட்டால், வேண்டாத எதிர்ப்படலம் உரிந்து நீங்கும். பின்னர் வெட்டிச் சட்டத்தில் பொருத்துவர்.

எஞ்சிய படலம் மிக மென்மையானது. நகம் பட்டாலும் கீறல் விழும். அக்கீறலும் திரையில் பன்மடங்கு பெரிதாகவே தோன்றும்.