வீடு மாறுறீங்களா? பழைய பொருளை காயலான் கடைக்குப் போடாதீங்க.. வீட்டு வாசலிலேயே விற்பது எப்படி?

வாடகை வீட்டைக் காலி செய்யும்போதுதான் நம்மிடம் எவ்வளவு பொருள் இருக்கிறது என்பதே தெரியும். பரண் மேல் இருக்கும் குழந்தை நடைவண்டி, ஓடாத சைக்கிள், ரெண்டாவது மிக்ஸி, கல்யாணத்துக்கு வந்த டின்னர் செட் என எல்லாம் வெளியே வரும். லாரி வாடகை கொடுத்து தூக்கிப் போகவும் மனசு வராது. காயலான் கடையில் போட்டால் கிலோ கணக்கில்தான் காசு.

இதற்கு அமெரிக்காவில் யார்டு சேல், கராஜ் சேல் என்று வீட்டு முன்பே கடை போட்டு விற்பார்கள். நம்ம ஊர் அபார்ட்மென்ட்களிலும் வீடு மாறுபவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அறிவித்து இப்படி விற்கிறார்கள். சரியாகத் திட்டமிட்டால் நல்ல விலையும் கிடைக்கும், ஏமாறாமலும் இருக்கலாம். எப்படின்னு பார்க்கலாம்.

முதலில் பிரிச்சு வைங்க

விற்பனைக்கு ரெண்டு வாரம் முன்பே வேலையைத் தொடங்குங்க. எடுத்துப் போக வேண்டியது, விற்க வேண்டியது, இலவசமாகக் கொடுக்க வேண்டியது என மூன்றாகப் பிரியுங்க. வீட்டில் எல்லோரிடமும் கேட்டுவிட்டு முடிவு பண்ணுங்க. நமக்குப் பழைய தையல் மெஷின், அம்மாவுக்கு அது அவங்க முதல் சம்பாத்தியமாக இருக்கலாம். விற்ற பிறகு திரும்ப வாங்க முடியாது.

பீரோவை விற்கும் முன் உள் லாக்கரையும், தட்டில் விரித்த பேப்பருக்கு அடியிலும் பாருங்க. பழைய புத்தகங்களை ஒருமுறை புரட்டுங்க. பாஸ்புக், ஆதார் நகல், பணம் என எது வேண்டுமானாலும் இருக்கும்.

விலை வைப்பது எப்படி?

வாங்கிய விலையை மனதில் வைக்காதீங்க, வாங்குபவர் அதைப் பார்ப்பதில்லை. அதே மாடல் பழையது ஆன்லைனில் என்ன விலைக்குப் போகிறது என்று பார்த்து, அதைவிடக் கொஞ்சம் குறைத்து வைங்க. நம்ம ஊரில் பேரம் இல்லாமல் வியாபாரம் இல்லை. 800 ரூபாய் எதிர்பார்த்தால் 1,000 என்று ஒட்டுங்க. சின்னச் சின்ன பொருட்களை "எது எடுத்தாலும் 50 ரூபாய்" என்று ஒரே மேஜையில் வைத்தால் சீக்கிரம் காலியாகும்.

ஒரு விஷயத்தில் மட்டும் கவனம் தேவை. பித்தளை, செம்பு, வெண்கலப் பாத்திரங்களை குத்துமதிப்பாகக் கொடுத்துவிடாதீங்க. எடை போட்டு, அன்றைய விலையை ரெண்டு பாத்திரக் கடையில் கேட்ட பிறகு பேசுங்க.

நாள், இடம் முக்கியம்

சம்பளம் வந்த பிறகு வரும் முதல் ஞாயிறு காலை நல்ல நேரம். செவ்வாய், வெள்ளியில் வீட்டுப் பொருளை வெளியே கொடுக்கத் தயங்குபவர்கள் உண்டு. சனிக்கிழமை என்றால் 9 முதல் 10.30 வரை ராகு காலம். கட்டில், ஃப்ரிட்ஜ் வாங்க வருபவர்கள் அதையும் பார்ப்பார்கள்!

கார் பார்க்கிங்கில் கடை போட அசோசியேஷனிடமும், தனி வீடு என்றால் ஹவுஸ் ஓனரிடமும் முன்பே சொல்லிவிடுங்க. தெருவையும் நடைபாதையையும் அடைக்காதீங்க. எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் அவசியம். மிக்ஸி, ஃபேன், டிவி எல்லாம் ஓடுவதைக் கண்ணால் பார்த்தால்தான் பணம் கைக்கு வரும். ரிப்பேர் இருந்தால் மறைக்காமல் சீட்டில் எழுதி ஒட்டுங்க. நாளைக்கும் அதே லிஃப்ட்டில் முகம் பார்க்கணும் இல்லையா?

இதையெல்லாம் விற்காதீங்க

கேஸ் சிலிண்டரை யாருக்கும் விற்கக் கூடாது. வேறு ஊருக்குப் போகிறீர்கள் என்றால் சிலிண்டரையும் ரெகுலேட்டரையும் ஏஜென்சியில் ஒப்படைத்து டெபாசிட்டைத் திரும்பப் பெறலாம். ஒயர் அறுந்த அயர்ன் பாக்ஸ், வால்வு சரியில்லாத குக்கர், அடிபட்ட ஹெல்மெட் ஆகியவையும் வேண்டாம். 100 ரூபாய்க்காக இன்னொருவர் உயிரோடு விளையாட முடியாது.

பழைய மொபைலில் சிம், மெமரி கார்டை எடுத்து, கூகுள் கணக்கையும் நீக்கிவிட்டு ஃபேக்டரி ரீசெட் செய்த பிறகே கொடுங்க. போட்டோவை டெலிட் செய்தால் மட்டும் போதாது, அதை மீட்டெடுக்க முடியும்.

பணம் வாங்கும்போது உஷார்!

விற்பனை விளம்பரத்தை ஆன்லைனில் போட்டால் இதுதான் பெரிய ஆபத்து. பொருளைப் பார்க்காமலே "ஓகே, வாங்கிக்கிறேன்" என்பார்கள். தன்னை ராணுவத்தில் இருப்பதாகச் சொல்வதும் வழக்கமான தந்திரம். பிறகு ஒரு க்யூஆர் கோடு அனுப்பி, "இதை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க, பணம் வந்துடும்" என்பார்கள். பின் போட்ட அடுத்த நொடி உங்கள் கணக்கில் இருந்துதான் பணம் போகும்.

நினைவில் வைங்க: பணம் பெற யூபிஐ பின் தேவையே இல்லை. பின் கேட்டாலே அது பணம் அனுப்புவதற்குத்தான். நேரில் வாங்குபவர் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டையும் நம்பாதீங்க. உங்கள் வங்கிக் கணக்கில் பணம் ஏறியதைப் பார்த்த பிறகே பொருளைக் கொடுங்க. ஏமாந்துவிட்டால் தயங்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்க. சீக்கிரம் சொன்னால் பணத்தை முடக்க வாய்ப்பு அதிகம்.

விற்பனை நாளில் வீட்டில் குறைந்தது ரெண்டு பேர் இருங்க. 10, 20, 50 ரூபாய் சில்லறை கையில் இருக்கட்டும். பொருட்களை வாசலில் வைத்துவிட்டு வீட்டைப் பூட்டிவிடுங்க. "நாளைக்கு வந்து எடுத்துக்கிறேன்" என்பவரிடம் அட்வான்ஸ் வாங்காமல் நிறுத்தி வைக்காதீங்க.

மிச்சம் இருந்தால்?

கடைசி ஒரு மணி நேரத்தில் பாதி விலைக்குக் கொடுங்க. அதன் பிறகும் மிஞ்சும் நல்ல துணி, பாத்திரங்களை வாட்ச்மேன், வீட்டு வேலைக்கு வரும் அக்கா ஆகியோரிடம் முதலில் கேளுங்க. கிழிந்ததையும் உடைந்ததையும் தானம் என்ற பெயரில் தள்ளிவிடாதீங்க. ஓடாத எலக்ட்ரானிக் பொருட்களை மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்க. போகிக்கு எரிக்கலாம் என்று பிளாஸ்டிக், டயரை மட்டும் எடுத்து வைக்கவே வைக்காதீங்க.

லாரியில் ஏறும் மூட்டை குறைந்தால் வாடகையும் குறையும். புது வீட்டில் பரணும் கொஞ்ச நாளைக்காவது காலியாக இருக்கும்!