வீட்டுப் பட்டறையில் ஒரு புகைவண்டி

மக்கள் தம் ஓய்வு நேரத்தைக் கழிக்கும் வகைகள் பல. அவற்றுள் இங்கிலாந்து தேசத்தில் நூறாண்டுகளுக்கு மேலாக வழங்கிவரும் ஒன்று நம் மாணவ அன்பர்கள் அறியத்தக்கது. அங்கே பல தொழிலினரும் தம் வீட்டின் பின்புறத்துச் சிற்றறையில் ஒரு கடைசல் யந்திரத்தை அமைத்துக்கொண்டு, தகடு, கம்பி, வார்ப்பிரும்பு முதலியவற்றிலிருந்து சிறு புகைவண்டி யந்திரங்களைத் தாமே செய்கின்றனர். அவை விளையாட்டுப் பொம்மைகள் அல்ல. நிலக்கரியை எரித்து, நீராவியால் மெய்யாகவே ஓடி, செய்தவனையே பின்னே ஏற்றி இழுத்துச் செல்லும் ஆற்றலுடையன. இத்தொழிலில் ஈடுபட்டோர்க்கென 'மாடல் எஞ்சினீயர்' என்னும் பத்திரிகையைப் பெர்சிவல் மார்ஷல் என்பார் 1898-ஆம் ஆண்டில் தொடங்கினார்.

பெரிய யந்திரம் ஒன்றின் அளவுகளையெல்லாம் ஒரே எண்ணால் வகுத்துவிட்டால் சிறிய யந்திரம் வந்துவிடாதோ என்று சிலர் வினவலாம். வாராது. உருவம் வரும்; ஓட்டம் வாராது. அதன் காரணத்தை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இங்கிலாந்தின் இருப்புப்பாதையில் தண்டவாளங்களின் இடைவெளி 4 அடி 8½ அங்குலம். அதனைப் பதினாறால் வகுத்தால் ஏறக்குறைய 3½ அங்குலம் ஆகும். இவ்வேலையில் பலரும் மேற்கொள்ளும் அளவுகளுள் இஃது ஒன்று. நீளம் 16-இல் 1 பங்காகக் குறையுங்கால், பரப்பு 256-இல் 1 பங்காகவும், கன அளவு 4096-இல் 1 பங்காகவும் குறைகின்றன. ஆகவே 64 டன் எடையுள்ள யந்திரம் 35 ராத்தல் எடையுள்ளதாகச் சுருங்கும். பிஸ்டனைத் தள்ளும் நீராவியின் விசையோ பரப்பைப் பொறுத்தது. எனவே அழுத்தம் ஒன்றாயிருக்குமேல், சிறிய யந்திரம் தன் எடையை நோக்கப் பதினாறு மடங்கு வலிமையுடையதாகின்றது. எறும்பு தன்னினும் கனத்த சுமையை இழுப்பதும் இவ்வகைக் கணக்கினாலேயே. பெரிய யந்திரங்களில் சதுர அங்குலத்திற்கு 200 ராத்தலளவும் அதற்கு மேலும் வைக்கும் அழுத்தத்தை இங்கே 80 ராத்தலாகக் குறைத்தாலும் ஓர் ஆளை இழுக்கக் கூடுவது இதனாலன்றோ!

விசைக்குத் துணைசெய்யும் இதே கணக்கு, வெப்பத்திற்குப் பகையாகின்றது. உள்ளிருக்கும் நீரை நோக்கக் கொதிகலத்தின் வெளிப்பரப்புப் பதினாறு மடங்கு மிகுதலால், சூடு விரைந்து கழிந்துபோம். அன்றியும், பெரிய கொதிகலத்துள் நெருப்பின் வெப்பத்தை நீருக்கு ஊட்டும் குழாய்கள் நூற்றுக்கு மேல் உள்ளன. இரண்டு அங்குல விட்டமுள்ள அக்குழாய்களை அளவுப்படி சுருக்கினால் விட்டம் 1/8 அங்குலமே ஆகும். அத்துணை நுண்ணிய குழாய்கள் புகையை எளிதிற் செல்லவிடா. கரியும் சாம்பலும் படிந்து விரைவில் அடைபட்டு நிற்கும். காற்றும் நெருப்பும் நம் அளவுகோலுக்கு அடங்கிச் சிறுப்பன அல்லவே! ஆதலின் அறிந்தோர் குழாய்களின் தொகையைக் குறைத்து, ஒவ்வொன்றையும் 3/8 அங்குலமளவு அகலமாக வைப்பர்.

இவ்வுண்மை எளிதில் ஏற்கப்படவில்லை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மிகச் சிறிய யந்திரங்களிற் பல எரிசாராய விளக்கினால் ஓடின. 2½ அங்குலப் பாதையில் நிலக்கரியால் ஓடும் யந்திரம் ஓர் ஆளை இழுத்தல் இயலாதென்று நினைத்தோர் பலர். லண்டன் பிரைட்டன் அண்டு சவுத் கோஸ்ட் ரெயில்வேயின் பெயரிலிருந்து 'எல். பி. எஸ். ஸி.' என்று புனைபெயர் பூண்ட ஓர் எழுத்தாளர், 'ஆயிஷா' என்னும் தம் சிறு யந்திரத்தால் 1920-களில் அது கூடுமெனக் காட்டினார். அக்காலத்து வாதம் 'கொதிகலப் போர்' என்றே பெயர் பெற்றது. 1967-இல் இறந்த அவர், கைவேலை அறியாதாரும் பின்பற்றும் எளிய நடையில் எண்ணற்ற யந்திரங்களின் செய்முறையை எழுதிவைத்தார்.

இனிச் செய்முறையைச் சுருங்கக் கூறுவோம். முதலில் யந்திரத்தின் இரு பக்கச் சட்டங்களுக்குரிய உருக்குத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் பிணைத்து, ஒரே முறையில் அறுத்துத் துளையிடுவர். அப்போதுதான் இரண்டும் மயிரிழையும் வேறுபடா. பின்பு வார்ப்பிரும்புச் சக்கரங்களைக் கடைந்து அச்சுகளில் ஏற்றுவர். இரு பக்கத்துக் கிராங்குகளும் ஒன்றுக்கொன்று செங்கோணத்தில் நிற்றல் வேண்டும். ஒரு பக்கத்துப் பிஸ்டன் முனையை அடைந்து விசையற்றிருக்கும்போது, மற்றது முழுவலியோடு தள்ளும். இணைப்புக் கம்பியால் பிணைக்கப்பட்ட அச்சுகளில் ஒன்றன் கோணம் மட்டும் சிறிது பிசகினாலும் சக்கரங்கள் சிக்கிக்கொள்ளும்.

கொதிகலத்தைச் செம்பினால் செய்வர். செம்பு வெப்பத்தை நன்கு கடத்தும், துருவேறாது. ஆயினும் அடிக்க அடிக்க அது கடினமாகும். ஆதலின் அடிக்கடி செக்கச்செவேலெனக் காய்ச்சி நீரில் தோய்த்து இளக்க வேண்டும். மூட்டுகளை வெங்காரம் முதலியன இட்டு வெள்ளிப் பற்றாசினால் பற்றவைப்பர். நெருப்பறையின் தட்டையான சுவர்கள் அழுத்தத்தால் பிதுங்காவண்ணம் வெளித்தகட்டோடு பல தாங்குகம்பிகளால் பிணைப்பர்.

இனிக் கூறுவதே யாவற்றினும் முக்கியமானது. புதிய கொதிகலத்தில் நெருப்பிடுமுன், அதனைக் காற்றுச் சிறிதுமின்றி நீரால் நிரப்பி, வேலை அழுத்தத்திற்கு இருமடங்கு, அதாவது 160 ராத்தலளவு, கைப்பம்பினால் அழுத்திச் சோதிப்பர். நீர் அமுக்குண்டு சுருங்குவது மிகச் சிறிதாகலின், குறையிருந்தால் மூட்டுக் கசியும். அழுத்தமும் உடனே இறங்கிவிடும். நீராவியாலோ காற்றாலோ சோதித்தால், அக்குறையே வெடிப்பாகிச் செய்தவன் உயிரைக் குடிக்கவும் கூடும். நல்ல சங்கங்களில் பரிசோதகர் சான்றளித்தாலன்றி எந்த யந்திரத்தையும் பாதையில் ஏற்றவிடார். ஓட்டுங்காலும் நெருப்பறையின் மேல்தகடு நீரில் மூழ்கியே இருத்தல் வேண்டும். நீர்மட்டம் காட்டும் கண்ணாடிக் குழாயினின்று கண்ணை எடுத்தல் ஆகாது.

இத்தகைய யந்திரம் ஒன்று முடியப் பல ஆண்டுகள் செல்வதுண்டு. அத்துணைக் காலமும் வீணோ எனின், அன்று. பிறர் பார்வைக்கு மறைந்து கிடக்கும் மூட்டையும் செவ்வையாகச் செய்தல் வேண்டுமென்பதைப் பட்டறை கற்பிக்கின்றது. ஏனெனில் கண்ணைக் கவரும் வண்ணப்பூச்சன்று, காணப்படாத அம்மூட்டே உயிரைக் காப்பது. கணித நூலில் நாம் படித்து மறக்கும் பரப்பும் கன அளவும் இங்கே கைக்கும் கண்ணுக்கும் புலனாகின்றன. சாத்திரமும் கைத்தொழிலும் இவ்வாறு ஓரிடத்தே கூடுவதைக் காண்போர், கைவேலையைத் தாழ்வென்று கருதார்.