புள்ளலூரில் சீறிய ராக்கெட்

குழந்தைகளே! தீபாவளி ராக்கெட்டின் வாலில் குச்சி எதற்கு? நேராகப் போகத்தான். பாகூரில் என்னிடம் படித்த ஒரு வாண்டு, குச்சியை ஒடித்துவிட்டுப் பற்றவைத்தான். அது நேரே வைக்கோல் போரில் புகுந்துவிட்டது!

1780 செப்டம்பர் 10 அன்று, காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் ராக்கெட்டுகள் போர்க்களத்திலேயே சீறின. ஹைதர் அலியும் மகன் திப்புவும் ஒரு பக்கம். கர்னல் பெய்லியின் ஆங்கிலப் படை மறுபக்கம். ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. பெய்லி சிறைப்பட்டார்.

மைசூர்க்காரர்களின் புதுமை என்ன தெரியுமா? இரும்புக் குழாய்! காகிதக் குழாயில் மருந்தை அதிகம் திணித்தால் கிழிந்துவிடும். இரும்பு தாங்கும். உள்ளே அழுத்தம் கூடக் கூட, பின்பக்கத் துளை வழியே புகை வேகமாகப் பீறிடும். ராக்கெட் அவ்வளவு தூரம் முன்னே பாயும். குச்சிக்குப் பதில் நீண்ட மூங்கில்.

1799-இல் திப்பு வீழ்ந்தபின் இந்த ராக்கெட்டுகள் இங்கிலாந்து போயின. வில்லியம் காங்கிரீவ் அவற்றைப் பார்த்துப் புது ராக்கெட் செய்தார்.

1960-களில் அமெரிக்காவின் வாலப்ஸ் தீவு ராக்கெட் நிலையத்துக்குப் போன அப்துல் கலாம், வரவேற்பறையில் ஓர் ஓவியம் கண்டார். திப்புவின் படை ராக்கெட் விடும் காட்சி!

2018-இல் கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டத்தில் ஒரு பாழுங்கிணற்றைத் தோண்டினார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு ராக்கெட்டுகள் கிடைத்தன. கிணற்றுச் சேற்றில் அப்போதும் வெடிமருந்து வாடை அடித்ததாம்!