ராட்டினம் சுழலப் பத்தாண்டு ஏன்?

திண்டுக்கல் கோட்டை மாரியம்மன் கோயில் மாசித் திருவிழா நெருங்கும்போது ராட்டினங்கள் லாரிகளில் வந்து இறங்கும். நான் சிறுவனாக இருந்த காலத்தில் அவை மரத்தாலானவை. கையால் தள்ளிச் சுற்றுவார்கள். இப்போது இரும்புத் தூண்களும் மின்மோட்டாரும் வந்துவிட்டன. ஆனாலும் சில நாள்களில் பூட்டி முடித்து, திருவிழா முடிந்ததும் கழற்றி எடுத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுகிறார்கள்.

அண்மையில் சென்னைக்கு அருகே திறக்கப்பட்ட பொழுதுபோக்குப் பூங்காவைப் பார்த்துவிட்டு வந்த என் பேத்தி, அங்குள்ள ரோலர் கோஸ்டரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினாள். அந்தப் பூங்கா பேச்சு நிலையிலிருந்து திறப்பு விழா வரை வர ஏறத்தாழ பத்தாண்டு பிடித்தது என்று நான் சொன்னபோது அவள் நம்பவில்லை. 'நம்ம ஊர்த் திருவிழா ராட்டினத்தை ஒரு வாரத்தில் நிறுத்திவிடுகிறார்களே தாத்தா, இதற்கு மட்டும் ஏன் பத்து வருஷம்?' என்று கேட்டாள். பொருளியல் வகுப்பில் முப்பது ஆண்டுக்கும் மேல் முதலீட்டுக் கோட்பாடு நடத்திய எனக்கு, அந்தக் கேள்விக்கு ஒரே வரியில் விடை சொல்ல முடியவில்லை.

திருவிழா ராட்டினத்துக்கும் நிலையான பூங்காவுக்கும் உள்ள முதல் வேறுபாடு, போட்ட பணத்தைத் திரும்ப எடுக்க முடியுமா என்பதில் இருக்கிறது. ஓர் ஊரில் கூட்டம் வராவிட்டால் ராட்டினக்காரர் அடுத்த ஊருக்குப் போகலாம். பல அடி ஆழத்துக்குக் கான்கிரீட் அடித்தளம் போட்டு நிறுத்திய ரோலர் கோஸ்டரை அப்படி ஏற்றிச் செல்ல முடியாது. பொருளியலில் இதை மீட்க இயலா முதலீடு என்கிறோம். திரும்பப் பெற முடியாத செலவைச் செய்பவர் நெடுநேரம் யோசிப்பதைத் தயக்கம் என்று சொல்லக் கூடாது, அது விவேகம்.

யோசிப்பதற்கு என்ன இருக்கிறது? முதற்கணக்கு, ஒரு மணி நேரத்தில் எத்தனை பேர் ஏறி இறங்க முடியும் என்பது. 24 இருக்கைகள் கொண்ட ஒரு தொடர்வண்டி இரண்டு நிமிடங்களுக்கு ஒரு முறை புறப்பட்டால் மணிக்கு 720 பேர் பயணம் செய்யலாம். இரண்டாவது வண்டியைச் சேர்த்து நிமிடத்துக்கு ஒன்றாக அனுப்பினால் 1,440 பேர். இந்த ஒரு முடிவு தண்டவாளத்தின் நீளம், நிறுத்தங்களின் அமைப்பு, வரிசையில் நிற்போருக்கான நிழற்கூரை, கழிப்பறை, வாகன நிறுத்துமிடம் என அனைத்தையும் மாற்றிவிடும். வார நாள்களில் வெறிச்சோடி, ஞாயிற்றுக்கிழமையும் கோடை விடுமுறையிலும் நிரம்பி வழியும் தொழிலில், எந்த நாளின் கூட்டத்துக்காகக் கட்டுவது என்பது எளிய கேள்வி இல்லை.

அடுத்தது வடிவமைப்பும் தயாரிப்பும். உலகில் பெரிய ரோலர் கோஸ்டர்களை உருவாக்கும் நிறுவனங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உள்ளன. அவர்களிடம் ஆணை கொடுத்துவிட்டு நம் முறைக்காகக் காத்திருக்க வேண்டும். மண் பரிசோதனை, காற்றின் வேகம், வளைவுகளில் மனித உடல் தாங்கும் விசை ஆகிய யாவும் கணக்கிடப்பட்ட பிறகே எஃகுக் குழாய்கள் வளைக்கப்படும். அவை கப்பலேறி வந்து சேர வேண்டும். தளத்தில் பொருத்தப்பட வேண்டும். பிறகு மனிதர்களுக்குப் பதிலாக அதே எடையுள்ள பொம்மைகளையோ மூட்டைகளையோ ஏற்றி, நூற்றுக்கணக்கான முறை வெள்ளோட்டம் பார்க்க வேண்டும். இவ்வளவுக்கும் இரண்டிலிருந்து நான்கு ஆண்டுகள் ஆவது இயல்பே.

வெளிநாட்டு அனுபவமும் இதையே சொல்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் உள்ள டிஸ்னி பூங்காவில் 'ட்ரான்' என்ற ரோலர் கோஸ்டர் அமைக்கப்படும் என்று 2017 ஜூலையில் அறிவிக்கப்பட்டது. ஷாங்காய் டிஸ்னி பூங்காவில் 2016 முதலே அதேபோன்ற ஒன்று ஓடிக்கொண்டிருந்தது; புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. ஆயினும் அது 2023 ஏப்ரலில்தான் முறைப்படி திறக்கப்பட்டது. அதே மாநிலத்தில் 2019 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட யுனிவர்சல் நிறுவனத்தின் 'எபிக் யுனிவர்ஸ்' பூங்கா, கரோனாவால் இடையில் நின்று, 2025 மே மாதம் கதவைத் திறந்தது.

விரைவாகக் கட்டியதற்கும் சான்று உண்டு. கலிஃபோர்னியாவில் முதல் டிஸ்னிலேண்ட் 1954 ஜூலையில் பணி தொடங்கி, 1955 ஜூலை 17 அன்று, அதாவது ஒரே ஆண்டில் திறக்கப்பட்டது. இதைப் பலரும் சாதனையாகச் சொல்வார்கள். திறப்பு நாளில் புதிதாகப் போட்ட தார் இளகிப் பெண்களின் காலணிகள் புதைந்ததையும், குழாய்ப் பணியாளர்களின் வேலைநிறுத்தத்தால் கழிப்பறைகளை மட்டும் முடித்துவிட்டு, குடிநீர்க் குழாய்கள் பலவற்றைக் கைவிட நேர்ந்ததையும் சேர்த்துச் சொல்வோர் குறைவு.

இனி நம் கதைக்கு வருவோம். 2000-ஆம் ஆண்டில் கொச்சியில் தொடங்கிய வொண்டர்லா நிறுவனம் 2005-இல் பெங்களூரிலும், 2016-இல் ஹைதராபாதிலும் பூங்காக்களைத் திறந்தது. ஹைதராபாத் பணி நடந்த காலத்திலேயே சென்னைத் திட்டமும் பேசப்பட்டது. திருப்போரூருக்கு அருகே இள்ளலூரில் 64 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தில், ரூ.611 கோடி முதலீட்டில், 43 விளையாட்டு அமைப்புகளுடன் அந்தப் பூங்கா பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 2025 டிசம்பரில்தான். சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த நிறுவனம் வடிவமைத்த, கால்கள் அந்தரத்தில் தொங்கும் ரோலர் கோஸ்டர் அதன் முதன்மை ஈர்ப்பு.

இடைப்பட்ட காலத்தில் பெரும்பகுதி எஃகுக்கும் கான்கிரீட்டுக்கும் செலவாகவில்லை; வரி குறித்த கேள்விக்குச் செலவானது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது பொழுதுபோக்குப் பூங்காக்களுக்கு 28 சதவீத வரி விதிக்கப்பட்டது. 2018 ஜனவரியில் அது 18 சதவீதமானது. அதற்கு மேல், தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றப்பட்ட சட்டப்படி உள்ளாட்சி அமைப்புகளுக்கான 10 சதவீத கேளிக்கை வரியும் இருந்தது. இந்த வரியிலிருந்து விலக்கு கிடைத்தாலே கட்டுவோம் என்று நிறுவனம் காத்திருந்தது. பின்னர் அரசு பத்தாண்டு விலக்கு அளித்த பிறகே பணி வேகம் பிடித்தது.

இதற்கிடையில் அதே நிறுவனம் ஒடிசாவுக்குச் சென்றது. அந்த மாநில அரசு புவனேசுவரத்துக்கு அருகே சுமார் 50 ஏக்கர் நிலத்தை நீண்டகாலக் குத்தகைக்குக் கொடுத்தது. 2024 மே மாதத்தில் அங்கே பூங்கா திறக்கப்பட்டுவிட்டது. சென்னைக்குப் பிறகு எண்ணப்பட்ட திட்டம் சென்னையை முந்திக்கொண்டது.

இதைச் சொல்வதால் ஊராட்சிக்கு வரி கூடாது என்பது என் கருத்து எனக் கொள்ள வேண்டாம். நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கானோர் வந்து போகும் இடத்தின் சாலையையும் குப்பையையும் நீர்ச்சுமையையும் தாங்குவது அந்தச் சிற்றூர்தான். அதற்கு வருவாய் வேண்டும். விலக்கு கொடுத்தால் அந்த ஊராட்சி இழப்பது எவ்வளவு, அதை அரசு எப்படி ஈடுசெய்யும் என்பதும் வெளிப்படையாகச் சொல்லப்பட வேண்டும். என் வருத்தம் வேறு. வரி உண்டு என்றோ இல்லை என்றோ உறுதியாகச் சொல்லியிருந்தால், முதலீட்டாளர் ஏதாவது ஒரு முடிவுக்கு வந்திருப்பார். ஆண்டுக்கணக்கில் முடிவு சொல்லாமல் இருப்பது, பத்து சதவீத வரியைவிடக் கனமான சுமை.

எவ்வளவு கனம் என்பதை ஓர் எளிய கணக்கால் பார்க்கலாம். ரூ.100 கோடி முடங்கிக் கிடக்கிறது, வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஓராண்டுத் தாமதத்தின் விலை ரூ.10 கோடி. ஒரு பார்வையாளரிடமிருந்து எல்லாச் செலவும் போக ரூ.500 மிஞ்சுமானால், அந்த வட்டியை ஈடுகட்ட மட்டும் 2 லட்சம் பேர் வர வேண்டும். ஐந்தாண்டு முடங்கினால், கூட்டு வட்டியில் அந்த ரூ.100 கோடி ரூ.161 கோடியாகி நிற்கும். இந்தச் சுமை இறுதியில் நுழைவுக் கட்டணமாகி, நான்கு பேர் கொண்ட நடுத்தரக் குடும்பத்தின் தலையில்தான் இறங்கும்.

அப்படியானால் எல்லாவற்றையும் விரைவுபடுத்திவிடலாமா? இங்கேதான் நாம் தவறு செய்கிறோம். குஜராத்தின் ராஜ்கோட்டில் 2024 மே மாதம் ஒரு விளையாட்டுக் கூடத்தில் தீப்பற்றி, குழந்தைகள் உள்பட 27 பேர் உயிரிழந்தனர். தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று பெறாமலே அந்தக் கூடம் இயங்கியது. சென்னை அருகே 2015-இல் ஒரு பூங்காவில் புதிய விளையாட்டு இயந்திரம் வெள்ளோட்டத்தின்போதே விபத்துக்குள்ளாகி, ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். வெள்ளோட்டத்துக்கான நாள்களைக் குறைப்பதும் சான்றிதழுக்குக் காத்திராமல் கதவைத் திறப்பதும் எங்கே கொண்டுவிடும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டியதில்லை.

எங்கள் மாவட்டத்திலேயே இதற்கு நல்ல பாடம் இருக்கிறது. பழனி மலைக்கோயிலில் ரோப்கார் 2004-இல் ஓடத் தொடங்கியது. 2007-இல் நேர்ந்த விபத்தில் பக்தர்கள் உயிரிழந்தனர். இன்று அந்த ரோப்கார் நாள்தோறும் சிறிது நேரமும், மாதம் ஒரு நாளும், ஆண்டுக்கு ஒரு முறை பல வாரங்களும் பராமரிப்புக்காக நிறுத்தப்படுகிறது. 'வந்த நாளில் பார்த்து மூடிவிட்டார்களே' என்று அடிவாரத்தில் புலம்பும் குரலை நானும் கேட்டிருக்கிறேன். ஆனால், அந்த நாள்களில்தான் வடக்கயிற்றின் ஒவ்வொரு முறுக்கும் சோதிக்கப்படுகிறது. நாம் சலித்துக்கொள்ளும் அந்தத் தாமதம், நம் உயிருக்கான காப்பீட்டுத் தவணை.

ஆக, தாமதம் இருவகைப்படும். ஒன்று, மண்ணைச் சோதித்து, எஃகை வளைத்து, வெள்ளோட்டம் பார்க்க ஆகும் காலம். அதைக் குறைக்கக் கூடாது. மற்றொன்று, கோப்பு ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போக ஆகும் காலம். அதற்கு எந்தப் பயனும் இல்லை. நம் நாட்டில் இரண்டாவது வகையில் ஆண்டுகளை இழந்துவிட்டு, திறப்பு விழாத் தேதி நெருங்கும்போது முதல் வகையில் நாள்களைத் திருடுகிறோம்.

சிங்கப்பூர் இதைப் பிரித்துப் பார்த்தது. சென்டோசாத் தீவில் என்ன வரலாம், என்ன நிபந்தனை என்பதை அரசு முதலிலேயே முடிவு செய்துவிட்டு ஒப்பந்தப்புள்ளி கோரியது. 2006 டிசம்பரில் நிறுவனம் தேர்வானது. 2010 தொடக்கத்திலேயே யுனிவர்சல் பூங்கா இயங்கத் தொடங்கியது. அவ்வளவு விரைவாகக் கட்டிய இடத்தில், திறந்த சில நாள்களிலேயே ஒரு ரோலர் கோஸ்டரின் இருக்கையில் கோளாறு தெரிந்தபோது, ஏறத்தாழ ஓராண்டு அதை ஓட்டாமல் நிறுத்தி வைத்துச் சரிசெய்தார்கள். முடிவெடுப்பதில் வேகம், பாதுகாப்பில் பொறுமை. இந்த வரிசையை நாம் தலைகீழாக்கி வைத்திருக்கிறோம்.

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. பூங்கா போன்ற பெருந்திட்டங்களுக்கு நில வகை மாற்றம், நீர் ஆதாரம், வரி ஆகிய மூன்றிலும் ஆம் அல்லது இல்லை என்ற விடையை ஓராண்டுக்குள் எழுத்தில் தர வேண்டும். அந்த வரி விகிதம் குறிப்பிட்ட காலத்துக்கு மாறாது என்ற உறுதியும் வேண்டும். மறுபுறம், புதிய விளையாட்டு இயந்திரங்களுக்குக் குறைந்தபட்ச வெள்ளோட்டக் காலத்தைச் சட்டமே வரையறுத்து, சுதந்திரமான பொறியாளர்களின் சான்றிதழை நுழைவாயிலில் மக்கள் பார்வைக்கு வைக்கச் செய்ய வேண்டும்.

திண்டுக்கல்லில் இப்படி ஒரு பூங்கா எப்போது வரும் என்பது என் பேத்தியின் அடுத்த கேள்வி. மதுரை செல்லும் சாலையில் பரவையில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. கோடையில் குடிநீருக்கே தவிக்கும் எங்கள் சமவெளியில் இன்னொரு நீர் விளையாட்டுப் பூங்கா வேண்டுமா என்று கேட்க இந்த ஊராருக்கு உரிமை உண்டு. வேண்டாம் என்பது விடையானால், அதையும் ஓராண்டுக்குள் சொல்லிவிட வேண்டும்.

வரலாம் என்பது விடையானால், அவளுக்கு நான் காட்ட விரும்புவது எங்கள் ஊர்ப் பூட்டுத் தொழிலாளியை. 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற திண்டுக்கல் பூட்டைச் செய்பவர், வேலை கைக்கு வந்த பிறகு வீணாக உட்கார்ந்திருக்க மாட்டார். ஆனால், சாவியைப் போட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்து, சிக்கும் இடத்தை அரத்தால் ராவி, சரியாக விழுகிறது என்று மனம் ஒப்பும் வரை பூட்டைக் கைவிட்டு அனுப்பவும் மாட்டார். அந்த ராவும் நேரத்தைக் குறைக்கச் சொல்லி அவரை நாம் யாரும் அவசரப்படுத்துவதில்லை. குழந்தைகளை ஏற்றி வானில் சுழற்றும் இயந்திரத்துக்கும் அந்த நேரத்தைக் கொடுப்போம். அதற்கான காலத்தைக் கோப்புகளிடமிருந்து மீட்போம்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு), திண்டுக்கல்.