குறுந்தட்டும் ஒப்புநோக்கலும்

1982ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த இசைக் குறுந்தட்டில் ஒலியானது எண்களாகப் பதிந்துள்ளது. இடம், வலம் இரண்டிற்கும் நொடிக்குத் தனித்தனியே 44,100 எண்கள். ஆதலின் அதனைப் பிழையின்றிப் படியெடுத்தல் எளிதெனப் பலர் எண்ணுவர். அஃது உண்மையன்று. கீறல் மிகுந்த இடத்தில், படிக்க இயலாத எண்ணை இயக்கி அண்டை எண்களைக் கொண்டு ஊகித்து நிரப்பிவிடும். செவி அதனை அறியாது, படியோ பிழைபடும்.

இக்குறை களைய எழுந்ததே லினக்ஸ் கணினியில் இயங்கும் 'சிடிபாரனோயா' என்னும் நிரல். அதன் பெயரைத் தட்டெழுதி, இடைவெளி விட்டு, சிறுகோடும் ஆங்கிலப் பேரெழுத்துப் 'பி'யும் சேர்த்தால், பாடல்கள் தனித்தனிக் கோப்புகளாகும். ஒரே பகுதியை மீண்டும் படித்து ஒப்பிட்டு, ஒத்துவந்ததையே அந்நிரல் ஏற்கும். திருத்தவியலாத இடத்தைத் திரையில் குறித்துக் காட்டும்.

சுவடிகளை ஒப்புநோக்கிப் பதிப்பித்த தமிழர்க்கு இந்நெறி புதிதன்று. பள்ளி அலமாரியில் உறங்கும் தட்டுகளை, அவை பழுதுறுமுன் இவ்வாறு படியெடுத்துக் காத்தல் ஆசிரியர் கடனாகும்.