எண்ணெய் ஏகபோகத்தை அம்பலப்படுத்திய ஐடா டார்பெல்

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் எண்ணெய்ச் சுத்திகரிப்பில் ஏறத்தாழ 90 சதவீதம் ஜான் டி. ராக்பெல்லரின் ஸ்டாண்டர்ட் ஆயில் நிறுவனத்தின் பிடியில் இருந்தது. அந்த வளர்ச்சிக்குப் பின்னால் இருந்த ரகசிய ஏற்பாடுகளை ஆதாரத்துடன் மக்கள் முன் வைத்தவர் ஐடா டார்பெல். 'மெக்லூர்ஸ்' மாத இதழில் 1902 நவம்பர் முதல் அவர் எழுதிய 19 பகுதித் தொடர், புலனாய்வு இதழியலின் முன்னோடிப் படைப்பு.

1857இல் பிறந்த டார்பெல், பென்சில்வேனியாவின் எண்ணெய் வயல்களுக்கு நடுவே வளர்ந்தவர். 1872இல் ராக்பெல்லர் தரப்பு ரயில் நிறுவனங்களுடன் ரகசிய ஒப்பந்தம் செய்தது. அதன்படி அவர்களுக்குச் சரக்குக் கட்டணத்தில் தள்ளுபடி உண்டு. போட்டியாளர்கள் செலுத்தும் கட்டணத்திலும் ஒரு பங்கு அவர்களுக்கே வந்து சேரும். கடும் எதிர்ப்பால் ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அதற்குள் கிளீவ்லாந்தின் 26 போட்டி நிறுவனங்களில் 22 ராக்பெல்லர் வசமாகிவிட்டன. டார்பெல்லின் தந்தையைப் போன்ற சிறு தொழில் செய்வோர் நெருக்கடிக்கு உள்ளானார்கள்.

டார்பெல்லின் பலம் ஆவணங்கள். நீதிமன்றச் சாட்சியங்களிலும் சட்டமன்ற விசாரணைப் பதிவுகளிலும் சிதறிக் கிடந்த தகவல்களை அவர் தேடித் தொகுத்தார். ஸ்டாண்டர்ட் ஆயிலின் உயர் அதிகாரி ஹென்றி ரோஜர்ஸைப் பலமுறை சந்தித்து, நிறுவனத்தின் விளக்கத்தையும் கேட்டறிந்தார். இதற்கிடையே, எரிப்பதற்காக ஒதுக்கப்பட்ட நிறுவனத்தின் காகிதங்கள் சில அவர் கைக்கு வந்தன. போட்டியாளர்கள் அனுப்பும் சரக்கு பற்றிய விவரங்களை ரயில்வே ஊழியர்கள் ஸ்டாண்டர்ட் ஆயிலுக்குத் தெரிவித்து வந்ததை அவை காட்டின. அது அச்சேறியதும் ரோஜர்ஸ் பேச்சை நிறுத்திக்கொண்டார். ராக்பெல்லரின் நிர்வாகத் திறமையை டார்பெல் மறுக்கவில்லை. நேர்மையற்ற போட்டியையே சாடினார். இந்த நடுநிலைதான் அவர் எழுத்துக்கு வலுச் சேர்த்தது.

இத்தகைய எழுத்தில் டார்பெல் தனியாக இல்லை. அதே இதழில் லிங்கன் ஸ்டெஃபன்ஸ் நகராட்சி ஊழல்களை எழுதினார். 1906இல் வெளிவந்த அப்டன் சின்க்ளேரின் நாவல் சிகாகோ இறைச்சி ஆலைகளின் அவலத்தைக் காட்டியது. அதே ஆண்டில் இறைச்சிப் பரிசோதனைச் சட்டமும் தூய உணவு, மருந்துச் சட்டமும் நிறைவேறின.

டார்பெல்லின் தொடர் 1904இல் இரண்டு தொகுதி நூலாக வந்தது. மக்களிடம் எழுந்த கோபம் ஏகபோக எதிர்ப்புக்கு வேகம் கூட்டியது. 1906இல் மத்திய அரசு, 1890ஆம் ஆண்டின் ஷெர்மன் ஏகபோக எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் ஸ்டாண்டர்ட் ஆயில் மீது வழக்குத் தொடுத்தது. 1911 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால் அந்த நிறுவனம் 34 நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது.